சர்க்கரை நோயாளிக்குத் திடீர் மயக்கம், டெஸ்ட் எல்லாம் நார்மல். அடுத்து எதைப் பார்க்கணும்?

கேள்விக்குறி
வணக்கம். கேஸ் விவரம் மட்டும் போடறேன். ஆண், 64 வயசு, டைப் 2 சர்க்கரை 14 வருஷமா. சர்க்கரைக்குக் காலையில கிளிமிபிரைடு 2 மி.கி., மெட்ஃபார்மின் 1000 மி.கி. ரெண்டு வேளை, டெல்மிசார்ட்டன் 40 + ஹைட்ரோகுளோரோதையசைடு 12.5 சேர்ந்த பிரஷர் மாத்திரை. ராத்திரி சிறுநீர் தடையில்லாம போக டாம்சுலோசின் 0.4 மி.கி., கால் எரிச்சலுக்கு அமிட்ரிப்டிலின் 10 மி.கி. கடைசி ஹெச்பிஏ1சி (மூணு மாசச் சர்க்கரை சராசரி) 6.4, கிரியாட்டினின் (கிட்னி டெஸ்ட்) 1.4.

விடிகாலை 4:30 வாக்கில் சிறுநீர் கழிக்க எழுந்தவர் பாத்ரூம் வாசல்லேயே விழுந்துட்டார். ஒரு நிமிஷத்துக்குள்ள முழிச்சுத் தெளிவா பேசினார். கால் மணி நேரம் கழிச்சு மீட்டர்ல சர்க்கரை 131. ஆஸ்பத்திரியில ஈசிஜி, தலை ஸ்கேன் ரெண்டும் நார்மல். "லோ சுகரா இருக்கலாம், நேரத்துக்குச் சாப்பிடுங்க"ன்னு அனுப்பிட்டாங்க. 131 இருக்கும்போது அது எப்படி லோ சுகர்? இல்லைன்னா வேற என்ன?

நைட்ஷிப்ட்
131ஐ நம்பறதுக்கு முன்னாடி சில விஷயம் தெரியணும். விழுந்ததுக்கும் விரல் குத்தினதுக்கும் நடுவுல வாயில இனிப்பா ஏதாவது கொடுத்தீங்களா? விரலைக் கழுவித் துடைச்சீங்களா? விழறதுக்கு முன்னாடி வேர்வை, நடுக்கம், படபடப்பு இருந்துச்சா, இல்ல கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சா? போகும்போது விழுந்தாரா, போயிட்டுத் திரும்பும்போதா? முகம் வெளுத்திருந்துச்சா? நாக்கோட பக்கவாட்டுல கடிபட்ட காயம் இருக்கா?

கேள்விக்குறி
அரை டம்ளர் ஜூஸ் கொடுத்த பிறகுதான் குத்தினாங்க. விரலைக் கழுவல, அதே கையாலதான் டம்ளரையும் பிடிச்சிருந்தார். வேர்வை, நடுக்கம் இல்ல. கண்ணு இருட்டினது ஞாபகம் இருக்குன்னு சொல்றார். போகும்போதுதான். முகம் வெளுத்திருந்தது. நாக்குல காயம் இல்ல.

நைட்ஷிப்ட்
அப்போ அந்த 131ஐ ஒதுக்கி வைங்க. அரை டம்ளர் ஜூஸ்ல ஏறக்குறைய 10 கிராம் சர்க்கரை இருக்கும், அதுவே கால் மணி நேரத்துல எண்ணைத் தூக்கிவிட ஆரம்பிச்சிருக்கும். விரல்ல ஒட்டின ஜூஸ் மீட்டரை இன்னும் ஏமாத்தும். போதாக்குறைக்கு, விழுந்த அதிர்ச்சியில சுரக்கிற அட்ரினலினும் கார்ட்டிசாலும் ஈரல்ல இருந்து குளுக்கோஸை வெளியே தள்ளும். ஆக இந்த எண்ணை வெச்சு "லோ சுகர் இல்ல"ன்னும் சொல்ல முடியாது, "லோ சுகர்தான்"னும் சொல்ல முடியாது.

எண்ணை விட, விழுந்த கதைதான் இங்க பேசுது. ஜூஸ் குடிக்கறதுக்கு முன்னாடியே முழிச்சுட்டார், தெளிவா பேசிட்டார். நினைவு தப்பற அளவுக்குச் சர்க்கரை இறங்கினவர், சர்க்கரை ஏறாம ஒரு நிமிஷத்துல தெளிஞ்சு எழறது அபூர்வம். முதல்ல குழப்பம், வாய் குழறல், எரிச்சல், அப்புறம்தான் நினைவு போகும். ஏத்தின பிறகும் மந்தம் கொஞ்ச நேரம் இருக்கும். எழுந்து நின்னதும் கண்ணு இருட்டி, வெளுத்து, விழுந்து, படுத்த நிலையில சட்டுன்னு தெளியறது மூளைக்கு ரத்தம் போறது சில நொடி குறைஞ்சதால வர்ற மயக்கம். படுக்க வெச்சும் நிக்க வெச்சும் பிரஷர் பார்த்தாங்களான்னு கேட்டுச் சொல்லுங்க.

விடாக்கண்டன்
எல்லாத்தையும் பிரஷர் தலையில கட்டாதீங்க. கிளிமிபிரைடு போடறவருக்கு ஹெச்பிஏ1சி 6.4, கிரியாட்டினின் 1.4. இந்த மூணையும் சேர்த்துப் பார்த்தா ராத்திரி லோ வராமலா இருக்கும்? 64 வயசுல 1.4ன்னா கிட்னி வடிகட்டும் திறன் 56 கிட்ட. கிளிமிபிரைடோட சிதைபொருளும் ஓரளவு வேலை செய்யும், வெளியேற கிட்னியைத்தான் நம்பியிருக்கு. ராத்திரி சாப்பாடு குறைஞ்ச நாள், அதிகம் நடந்த நாள், மது எடுத்த நாள்னா விடிகாலை இறங்கும். மது ஈரல் புதுசா குளுக்கோஸ் செய்யறதையே தடுக்கும், அதோட விளைவு மறுநாள் வரைக்கும் நீளலாம்.

நைட்ஷிப்ட்
மறுக்கல. ராத்திரி லோ வருதான்னு தனியா பார்க்கணும், அந்தக் கேள்வி இன்னும் திறந்துதான் இருக்கு. ஆனா இந்தக் குறிப்பிட்ட விழுகைக்கு அது பொருந்தலை. ரெண்டு கோளாறும் ஒரே ஆள்கிட்ட இருக்கலாம்.

வெள்ளைக்கோட்டு
இருவர் சொல்வதும் சரி. நடைமுறையில் இப்படிச் செய்யுங்கள்.

முதலில் பிரஷர். காலையில் மாத்திரை போடும் முன், சாப்பிடும் முன் பாருங்கள். 5 நிமிடம் மல்லாந்து படுக்க வைத்து, மேல்கைப் பட்டை உள்ள டிஜிட்டல் கருவியால் பிரஷரும் துடிப்பும் குறித்துக்கொள்ளுங்கள். பட்டையைக் கழற்றாமல் எழுந்து நிற்கச் சொல்லி, 1-வது நிமிடமும் 3-வது நிமிடமும் மீண்டும் குறியுங்கள். நிற்கும்போது பட்டை கட்டிய கை தொங்கக் கூடாது. இதய மட்டத்தில் ஒரு மேசை மீதோ வேறொருவர் கையிலோ தாங்கி வைக்க வேண்டும். தொங்கினால் பிரஷர் கூடுதலாகக் காட்டி, இறக்கம் மறைந்துபோகும். பெரும்பாலும் தவறு நடப்பது இந்த இடத்தில்தான். கீழே விழாதபடி பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். கண் இருட்டினால் உடனே படுக்க வைத்துவிடுங்கள், எண் வராவிட்டாலும் பரவாயில்லை.

மேல் எண் 20 அல்லது அதற்கு மேலோ, கீழ் எண் 10 அல்லது அதற்கு மேலோ இறங்கினால் அது நிமிர்நிலை பிரஷர் இறக்கம். துடிப்பையும் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நீர்ச்சத்துக் குறைவாலோ ரத்த இழப்பாலோ பிரஷர் இறங்கினால் இதயம் ஈடுகட்ட வேகமாகத் துடிக்கும். பிரஷர் இறங்கியும் துடிப்பு அசையாமல் இருந்தால், பிரஷரையும் துடிப்பையும் தானாகக் கட்டுப்படுத்தும் தன்னியக்க நரம்புகளைச் சர்க்கரை நோய் பாதித்திருக்கலாம் என்று பொருள். துடிப்பு கூடியதை மேல் எண் இறங்கியதால் வகுங்கள். 0.5-க்குக் கீழே வந்தால் நரம்புக் காரணத்தின் பக்கம் சாயும். துடிப்பைக் கட்டுப்படுத்தும் பீட்டா பிளாக்கர் போடுபவர்களுக்கும் பேஸ்மேக்கர் உள்ளவர்களுக்கும் இந்தக் கணக்கு செல்லாது.

அடுத்து சர்க்கரை. சில இரவுகள் 3 மணிக்கு விரல் குத்திப் பாருங்கள், அல்லது 14 நாள் சென்சார் ஒட்டுங்கள். சென்சார் காட்டுவது ரத்தத்தை அல்ல, திசு நீரை. வேகமாக மாறும்போது பல நிமிடம் பின்தங்கும். சென்சார் ஒட்டிய கை அடியில் அழுந்தும்படி படுத்தால் பொய்யான லோ காட்டும். இரவில் 60 என்று கத்தினால் விரல் குத்தி உறுதி செய்துகொண்ட பிறகு முடிவெடுங்கள்.

மாத்திரைடப்பா
இந்தப் பட்டியல்ல பிரஷரை இறக்கறது எத்தனைன்னு எண்ணினீங்களா? பிரஷர் மாத்திரைன்னு பேர் இருக்கறது ஒண்ணுதான், வேலை செய்யறது நாலு மருந்து. டெல்மிசார்ட்டன் ஒண்ணு. கூடவே இருக்கற தையசைடு நீரையும் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் வெளியேத்தும். டாம்சுலோசின் சிறுநீர்ப் பாதையைத் தளர்த்தறதோட ரத்தக்குழாயையும் கொஞ்சம் தளர்த்தும். அமிட்ரிப்டிலின் நாலாவது, நின்னா பிரஷர் இறங்கறதுக்குப் பேர்போனது. இதுல ரெண்டு மருந்தைப் படுக்கறப்போ போடறார். விடிகாலை 4:30க்கு இருட்டுல எழுந்து நிக்கறார்.

இதுல இன்னொரு வேடிக்கை. அமிட்ரிப்டிலின் சிறுநீர் வெளியேறறதைத் தடுக்கற குணம் உள்ளது, டாம்சுலோசின் அதைத் திறந்துவிடறது. ஒரே நேரத்துல பூட்டும் சாவியும். ரெண்டும் வேற வேற டாக்டர் எழுதினதா இருந்தா ஆச்சரியமில்ல. எல்லா மாத்திரையையும் ஒரே பையில போட்டு ஒரே டாக்டர் முன்னாடி கொட்டச் சொல்லுங்க. ஆனா எதையும் நீங்களா நிறுத்தாதீங்க.

கால் எரிச்சலுக்கு மாத்து கேட்டா ப்ரீகாபலின், டுலாக்செட்டின் சொல்வாங்க. முதலாவதுல கிறுகிறுப்பு உண்டு, கிட்னிக்கு ஏத்த மாதிரி அளவும் குறைக்கணும். டுலாக்செட்டின்லயும் சிலருக்கு நின்னா பிரஷர் இறங்கும். கிளிமிபிரைடுக்கு மாத்தா எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் வகை வந்தா, அது சிறுநீர் வழியா சர்க்கரையோட நீரையும் இழுக்கும்ங்கறதை ஞாபகப்படுத்துங்க. நிக்கறப்போ பிரஷர் இறங்கறவருக்குத் தையசைடோட சேர்த்துக் கொடுக்கறதுன்னா யோசிச்சுத்தான் கொடுப்பாங்க. லினாகிளிப்டின் மாதிரி மருந்து தனியா லோ சுகரையும் எளிதில் வரவழைக்காது, கிட்னிக்காக அளவு மாத்தவும் வேண்டாம்.

மெட்ஃபார்மின் பல வருஷமா போடறவருக்கு பி12 பார்க்கணும். பி12 குறைவும் கால் எரிச்சல் தரும், நரம்பையும் கெடுக்கும். சர்க்கரையால வந்த எரிச்சல்னு நினைச்சு மாத்திரை மேல மாத்திரை ஏத்திக்கிட்டு இருக்கலாம்.

துடிப்புக்கோடு
ஈசிஜி நார்மல்னு இதயத்தை விட்டுடக் கூடாது. அது 10 நொடிப் பதிவு. அந்தப் 10 நொடியில ஒண்ணும் நடக்கலைங்கறது மட்டும்தான் தெரியும். அந்தத் தாளைத் திரும்ப எடுத்துப் பாருங்க. பிஆர் இடைவெளி (இதய மேலறையில இருந்து கீழறைக்கு மின்துடிப்பு போற நேரம்) 200 மில்லிசெகண்டுக்கு மேலயா, கிளைக்கட்டு அடைப்புன்னு (இதய மின்பாதைக் கிளையில தடை) எழுதியிருக்கா, க்யூடிசி (ஒரு துடிப்புல இதயக் கீழறை மின்னளவுல ஓய்வுக்குத் திரும்ப ஆகற நேரம்) எவ்வளவு. அமிட்ரிப்டிலின் க்யூடியை நீட்டும், தையசைடால பொட்டாசியம் இறங்கினா இன்னும் நீளும், லோ சுகரும் நீட்டும். மூணும் ஒரே ராத்திரியில கூடிட்டா இதயத் தாளம் தப்ப வாய்ப்பு. க்யூடிசி 500ஐத் தாண்டினா காத்திருக்கற விஷயமில்ல.

சர்க்கரை நோயாளிக்கு நெஞ்சுவலியே இல்லாம மாரடைப்பு வரலாம். வலி சொல்ற நரம்பும் பாதிச்சிருக்கும். மயக்கத்தோட மூச்சு வாங்கல், காரணமில்லாத வேர்வை, குமட்டல் இருந்தா, மாரடைப்பைக் காட்டற ட்ரோபோனின் ரத்த டெஸ்ட் கேளுங்க. எக்கோ (இதய ஸ்கேன்) ஒருமுறை எடுத்தா வால்வு சுருக்கமும் இதயம் பம்ப் பண்ற திறனும் தெரிஞ்சுடும்.

ஹோல்டர்ங்கற ஈசிஜி பதிவுக் கருவியை 24 மணி நேரம் மாட்டறாங்க, அன்னைக்கு மயக்கம் வரலைன்னா "நார்மல்"னு ரிப்போர்ட். மாசத்துக்கு ஒருமுறை வர்றதை ஒரு நாள்ல பிடிக்கறது லாட்டரி மாதிரிதான். காரணம் புரியாம திரும்பத் திரும்ப வந்தா, தோலுக்கு அடியில வைக்கற லூப் ரெக்கார்டர் இருக்கு, மூணு வருஷம் வரைக்கும் பதிவு செய்யும்.

உட்கார்ந்தோ படுத்தோ இருக்கும்போது மயக்கம், மாடி ஏறும்போது அல்லது உடற்பயிற்சி நடுவுல மயக்கம், எந்த முன்னறிவிப்பும் இல்லாம பொத்துன்னு விழறது, அதுக்கு முன்னாடி நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கறது, குடும்பத்துல இளவயசு திடீர் மரணம். இதுல எது இருந்தாலும் அன்னைக்கே ஆஸ்பத்திரி.

பேனாவும்_ஊசியும்
இன்சுலின் போடறவங்களும் இந்த இழையைப் படிப்பாங்க, அவங்களுக்காக. காரணம் தெரியாத லோன்னு சொல்றதுல பலதுக்கும் காரணம் ஊசி போடற இடத்துலயே இருக்கும். ஒரே இடத்துல குத்திக் குத்தி தடிச்சுப்போன கொழுப்புல மருந்து ஒழுங்கா உறிஞ்சாது. புது இடத்துக்கு மாறின அன்னைக்கு அதே அளவு முழுசா ஏறி ஆளைச் சாய்க்கும். இடம் மாத்தும்போது அளவைக் குறைக்கணுமான்னு முன்கூட்டியே கேட்டு வைங்க. கலங்கலான இன்சுலினை உள்ளங்கையில உருட்டி, மேலும் கீழுமா கவிழ்த்து, சீரா வெள்ளையாகற வரைக்கும் கலக்கணும். இல்லைன்னா ஒருநாள் தண்ணி மாதிரி, ஒருநாள் கெட்டியா இறங்கும். குப்பி இன்சுலினுக்கு 40 யூனிட், 100 யூனிட் (ஒரு மில்லிக்கு) ரெண்டு சிரிஞ்சும் கிடைக்கற இடத்துல, 100 யூனிட் மருந்தை 40 யூனிட் சிரிஞ்சுல எடுத்தா இரண்டரை மடங்கு உள்ள போகும். மூடி நிறத்தைப் பார்த்தே எடுங்க: சிவப்பு 40, ஆரஞ்சு 100.

சாப்பிட்ட உடனே லோ, அப்புறம் மூணு மணி நேரம் கழிச்சு ஹைன்னு வந்தா இரைப்பை மெதுவா காலியாகுதான்னு பார்க்கணும். அதுவும் தன்னியக்க நரம்புப் பாதிப்புதான்.

டைப் 1 ஆட்களுக்கு மட்டும் ஒண்ணு. இன்சுலின் தேவை தானா குறைஞ்சுக்கிட்டே போகுது, அடிக்கடி லோ, நின்னா தலைசுத்தல், எடை குறையுது, தோல் கறுக்குதுன்னா காலை கார்ட்டிசால் பாருங்க. அட்ரீனல் சுரப்பி செயலிழக்கறது டைப் 1 கூடவே வரக்கூடிய ஒண்ணு, தாமதமா கண்டுபிடிச்சா உயிருக்கே ஆபத்து.

விடாக்கண்டன்
அதெல்லாம் சரி. திரும்ப விழுந்தா அந்த நிமிஷத்துல வீட்டுல இருக்கறவங்க என்ன செய்யணும்? மீட்டரைத் தேடவா, சர்க்கரையைக் கொட்டவா?

நைட்ஷிப்ட்
முதல்ல படுக்க வைக்கணும். தூக்கி நாற்காலியில உட்கார வைக்கறதுதான் எல்லாரும் பதட்டத்துல செய்யறது, அதனால மூளைக்கு ரத்தம் போறது இன்னும் தாமதமாகி மயக்கம் நீளும். மூச்சு இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா, விட்டு விட்டுத் திணறலா வந்தாலும், உடனே ஆம்புலன்ஸ், நெஞ்சு அழுத்தல். மூச்சு சீரா இருந்தா மல்லாத்திக் காலைத் தூக்கிப் பிடிங்க. முழிக்கலைன்னா இடது பக்கமோ வலது பக்கமோ ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. நினைவில்லாத வாயில தண்ணி, ஜூஸ், சர்க்கரை எதுவும் ஊத்தக் கூடாது, நுரையீரலுக்குப் போயிடும்.

இன்னொருத்தர் இருந்தா அவர் விரலைத் துடைச்சுக் குத்தட்டும், சில நொடி வேலை. நேரத்தையும் எண்ணையும் எழுதி வைங்க. இந்த ஒரு எண் இல்லாததாலதான் இந்த இழையே ஓடிக்கிட்டு இருக்கு. முழிச்சு, விழுங்கற நிலையில இருந்து, 70க்குக் கீழ இருந்தா 15 கிராம் சர்க்கரை: 4 கிராம் குளுக்கோஸ் மாத்திரை நாலு, இல்ல 150 மில்லி ஜூஸ், இல்ல மூணு நாலு டீஸ்பூன் சர்க்கரை தண்ணியில. 15 நிமிஷம் கழிச்சுத் திரும்பக் குத்தி, ஏறலைன்னா இன்னொரு தடவை. சாக்லேட் வேண்டாம், கொழுப்பு இழுத்துப் பிடிச்சு தாமதமாக்கும். அகார்போஸ், வோக்லிபோஸ் (குடல்ல சர்க்கரை உடையறதை மெதுவாக்கற மாத்திரை) போடறவருக்குச் சாதா சர்க்கரை சீக்கிரம் உடையாது, குளுக்கோஸ்தான் வேணும். மீட்டரே இல்லைன்னா, முழிச்சிருக்கறவருக்குச் சர்க்கரை கொடுத்துடுங்க. கொஞ்ச நேரம் கூடுதலா ஏறறதால கெட்டுப்போறது குறைவு.

கிளிமிபிரைடு வகையால வந்த லோன்னா ஒருதடவை ஏறினதும் நிம்மதியாகிடாதீங்க. மருந்து உடம்புல இருக்கற வரைக்கும் திரும்ப இறங்கும், ஆஸ்பத்திரியில வெச்சுப் பார்க்கணும். சில நிமிஷத்துல தெளியலை, பேச்சு குழறுது, ஒரு பக்கம் கை கால் வரலை, மலம் கறுப்பா போகுது (உள்ளே ரத்தக்கசிவு இருக்கலாம்), தலையில அடிபட்டிருக்கு, அதுலயும் ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போடறவர்னா வீட்டுல வெச்சுக்காதீங்க.

வலிப்புன்னு யாராவது சொன்னா ஒரு விஷயம்: சாதா மயக்கத்துலயும் சில நொடி கை கால் வெட்டி இழுக்கும், சிறுநீர் போயிடலாம். நாக்கோட ஓரத்துல கடி, முழிச்சும் பல நிமிஷம் ஆள் அடையாளம் தெரியாத குழப்பம் இருந்தா வலிப்பை யோசிக்கலாம்.

கேள்விக்குறி
பிரஷர் பார்த்தாச்சு. படுத்து 148/84, துடிப்பு 82. நின்னு 1 நிமிஷம் 122/74, துடிப்பு 85. 3 நிமிஷம் 116/72, துடிப்பு 86. 3 மணி சர்க்கரை மூணு ராத்திரி: 88, 64, 92.

வெள்ளைக்கோட்டு
இறக்கம் 32/12. துடிப்பு கூடியது 4. நான்கை 32-ஆல் வகுத்தால் 0.125. தன்னியக்க நரம்புப் பாதிப்பு, அதோடு பிரஷரை இறக்கும் மருந்துகளும் சேர்ந்திருக்கின்றன. விழுந்ததற்கு இதுவே போதுமான விளக்கம். 64 என்ற அந்த ஒரு இரவும் சும்மா விடத்தக்கதல்ல. விடாக்கண்டன் கேட்டது வீண்போகவில்லை. இந்த எண்களை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். டாம்சுலோசின், அமிட்ரிப்டிலின், தையசைடு, கிளிமிபிரைடு நான்கையும் மறுபரிசீலனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். 6.4 என்ற ஹெச்பிஏ1சி சராசரிதான். 64-களும் அதில் கலந்திருக்கும். பொட்டாசியம், சோடியம், ஹீமோகுளோபின், பி12 பாருங்கள். துடிப்புக்கோடு சொன்ன எக்கோவும் ஈசிஜி மறுவாசிப்பும் தேவைதான்.

அதுவரை: விழித்ததும் படுக்கையிலேயே கணுக்காலை மேலும் கீழும் ஆட்டி, விளிம்பில் 2 நிமிடம் உட்கார்ந்து, பிறகு எதையாவது பிடித்துக்கொண்டு எழ வேண்டும். உட்கார்ந்தே சிறுநீர் கழிக்கட்டும். இரவுக்குப் படுக்கை அருகிலேயே பாத்திரம் வைப்பது இன்னும் நல்லது. கண் இருட்ட ஆரம்பித்தால் நின்ற இடத்திலேயே காலைக் குறுக்காகப் போட்டுத் தொடையையும் பிட்டத்தையும் இறுக்கலாம், முடியாவிட்டால் உட்கார்ந்துவிட வேண்டும். காலையில் எழும் முன் அரை லிட்டர் தண்ணீரைச் சில நிமிடங்களில் குடித்தால் இத்தகையோருக்குப் பிரஷர் சற்று நேரம் ஏறும். இதயச் செயலிழப்பு உள்ளவர்களும், தண்ணீரைக் கட்டுப்படுத்தச் சொல்லப்பட்ட கிட்னி நோயாளிகளும் கேட்காமல் செய்யக் கூடாது. மாவுச்சத்து மிகுந்த பெரிய சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மணி நேரத்துக்குள்ளும் பிரஷர் இறங்கும், ஆகவே ஒருநாள் சாப்பிட்ட ஒரு மணி நேரம் கழித்தும் அளந்து பாருங்கள். காரணம் தீரும் வரை வண்டி ஓட்ட வேண்டாம். மறுபடி எப்போது ஓட்டலாம் என்பதற்கு நாட்டுக்கு நாடு விதி மாறும், டாக்டரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்விக்குறி
நன்றி. படுக்கையைத் தலைப்பக்கம் உயர்த்தணும்னு ஒரு இடத்துல படிச்சேன். ரெண்டு தலையணை கூட வெச்சா போதுமா?

நைட்ஷிப்ட்
தலையணை கழுத்தைத்தான் மடக்கும். கட்டிலோட தலைமாட்டுக் கால் ரெண்டுக்கும் அடியில 10 முதல் 15 செ.மீ. உயரத்துக்கு நகராத கட்டை வெச்சு, மொத்த உடம்பும் சாயணும். தட்டையா படுக்கும்போது இவங்களுக்கு பிரஷர் ஏறும், கிட்னி ராத்திரி முழுக்க உப்பையும் நீரையும் வெளியே தள்ளும். அதனால அடிக்கடி சிறுநீர், காலையில நீர் வத்திப்போய் பிரஷர் இன்னும் இறக்கம். சாய்ச்சா ரெண்டும் குறையும். ராத்திரி எழற தடவையே குறைஞ்சா விழற வாய்ப்பும் குறையுது.

மாத்திரைடப்பா
இதுக்கும் அடங்கலைன்னா பிரஷரை ஏத்தற மிடோட்ரின், ஃப்ளுட்ரோகார்ட்டிசோன் எழுதுவாங்க. மிடோட்ரின் கடைசி வேளையைப் படுக்கறதுக்கு 4 மணி நேரம் முன்னாடியே முடிச்சுடணும், இல்லைன்னா படுத்ததும் பிரஷர் எகிறும். சிறுநீர் தங்கறவருக்கு அது ஆகாது, இவருக்கு ப்ராஸ்டேட் பிரச்சினைன்னா முன்கூட்டியே சொல்லிடுங்க. ஃப்ளுட்ரோகார்ட்டிசோன் உப்பைத் தக்கவைக்கும், பொட்டாசியத்தை இறக்கும். ஆரம்பிச்சப்புறம் ரத்தத்துல பொட்டாசியம் பார்க்காம விடக் கூடாது.